லாகின் செய்த பிறகும் மொழி மாறவில்லையா? லினக்ஸ் டெஸ்க்டாப்பில் லொகேல், சூழல் மாறிகளைத் துரத்திப் பிடிப்பது எப்படி

செட்டிங்ஸில் போய்த் தமிழைத் தேர்ந்தெடுத்து, லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வந்தால் மேலே கடிகாரத்தில் கிழமை மட்டும் தமிழில் நிற்கிறது, மெனு எல்லாம் பழையபடி ஆங்கிலம். இன்னொருவருக்கு நேர் எதிர்: ஆங்கிலத்துக்குத் திரும்பிய பிறகும் பாதி ஜன்னல்கள் தமிழிலேயே பேசுகின்றன. வேறொருவருக்கு மொழிச் சிக்கலே இல்லை, டெர்மினலில் நன்றாக ஓடுகிற நிரலை டெஸ்க்டாப் ஐகானிலிருந்து சொடுக்கினால் மட்டும் எதையோ காணோம் என்று அழுகிறது. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். கடவுச்சொல் அடித்து என்டர் தட்டியதிலிருந்து டெஸ்க்டாப் கண்ணில் படும் வரை நாலைந்து இடங்களில் சூழல் மாறிகள் (நிரல்களுக்கு மொழி போன்றவற்றைச் சொல்லும் பெயர்=மதிப்பு ஜோடிகள்) எழுதப்படுகின்றன, முன்னால் எழுதியதைப் பின்னால் வருவது சத்தமில்லாமல் அழித்துவிடுகிறது. அதனால் எந்தக் கோப்பையும் திறந்து திருத்துவதற்கு முன், கடைசியாகக் கை வைத்தது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். "இந்தக் கோப்பில் இந்த வரியைச் சேர்" என்று ஆரம்பிக்கிற குறிப்புகளைப் பார்த்து ஆளுக்கொரு கோப்பில் ஆளுக்கொரு வரி சேர்த்து வைத்திருப்பவர்களின் கணினிதான் சரிசெய்யக் கடினமானது.

உபுண்டு, டெபியன், அதன்மேல் ஜினோம் டெஸ்க்டாப் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கேடிஇ (இன்னொரு டெஸ்க்டாப்), ஃபெடோரா, ஆர்ச் (வேறு லினக்ஸ் வகைகள்) வேறுபடும் இடங்களில் சொல்கிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்பின்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன், டெர்மினலில் அடிக்கும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் அடியுங்கள். லேங், லேங்குவேஜ், பாத் (கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல்), எல்சி என்று தொடங்குபவை எல்லாம் மாறிப் பெயர்கள், அவை முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

லொகேல் கட்டளை காட்டுவதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

லொகேல் என்பது மொழி, நாடு, எழுத்துக் குறிமுறை மூன்றையும் சேர்த்துச் சொல்லும் அமைப்பு. டெர்மினலைத் திறந்து இதை மட்டும் அடியுங்கள்:

லொகேல்

பத்துப் பதினைந்து வரி வரும். பலர் மேலே இருக்கிற லேங் வரியை மட்டும் பார்த்துவிட்டு "சரியாகத்தானே இருக்கிறது" என்று விட்டுவிடுகிறார்கள். கீழே இருக்கிற வரிகளில் மேற்கோள் குறி இருக்கிறதா இல்லையா என்று பாருங்கள். உதாரணமாக

எல்சி_சிடைப்="இஎன்_ஐஎன்"
எல்சி_டைம்=டிஏ_ஐஎன்.யூடிஎஃப்-8

என்று வந்தால் (சின்ன எழுத்தில் வரும் இஎன் ஆங்கிலம், டிஏ தமிழ்; பெரிய எழுத்தில் வரும் ஐஎன் இந்தியா), முதல் வரியில் மேற்கோள் குறி இருக்கிறது, அதாவது அந்த மதிப்பை யாரும் தனியாகக் கொடுக்கவில்லை, லேங்கிலிருந்தோ எல்சி_ஆலிலிருந்தோ இறங்கி வந்தது. இரண்டாவதில் மேற்கோள் குறி இல்லை, யாரோ வேண்டுமென்றே எல்சி_டைம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த யாரோ நீங்களாக இருக்கலாம், செட்டிங்ஸ் ஆப்பாக இருக்கலாம், கணினியை நிறுவிக் கொடுத்த நண்பராகவும் இருக்கலாம். எப்படியோ தேட வேண்டிய வரி எது என்று தெரிந்துவிட்டது.

முன்னுரிமை இப்படி: எல்சி_ஆல் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் அது அமுக்கிவிடும். அது இல்லையென்றால் தனித்தனி எல்சி மாறிகள், அதுவும் இல்லையென்றால் லேங். இந்த வரிசைக்கு வெளியே நிற்பது லேங்குவேஜ். இது மெனு, செய்திகள் போன்ற மொழிபெயர்ப்புகளுக்கு மட்டும், ஆனால் அந்த விஷயத்தில் லேங்கைவிட இதன் பேச்சுத்தான் செல்லும். முக்காற்புள்ளி போட்டுப் பல மொழிகளை வரிசையாகத் தரலாம், டிஏ:இஎன் என்றால் தமிழில் இருந்தால் தமிழ், இல்லையென்றால் ஆங்கிலம்.

கிழமை தமிழில், மெனு ஆங்கிலத்தில் என்ற முதல் புகாருக்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான். லேங் தமிழுக்கு மாறிவிட்டது, பழைய லேங்குவேஜ் இஎன்_ஐஎன்:இஎன் என்றே எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. உபுண்டுவிலும் டெபியனிலும் லொகேல் கட்டளையே லேங்குவேஜ் வரியையும் காட்டும், மற்றவற்றில்

எக்கோ $லேங்குவேஜ்

என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்சி_ஆல் பற்றி ஒரு வார்த்தை. ஒரே ஒரு கட்டளையை ஒரு தடவை வேறு மொழியில் ஓட்டிப் பார்க்க அது அருமையான கருவி. அதைக் கொண்டுபோய் புள்ளி புரொஃபைலிலோ புள்ளி பேஷ்ஆர்சியிலோ (ஹோம் அடைவில் பெயர் ஒரு புள்ளியோடு தொடங்கும், ஷெல் தொடங்கும்போது படிக்கும் கோப்புகள்) நிரந்தரமாக எழுதி வைப்பது கெட்ட பழக்கம், அதற்குப் பிறகு செட்டிங்ஸில் என்ன மாற்றினாலும் எதுவும் நடக்காது, ஏன் நடக்கவில்லை என்றும் யாரும் சொல்ல மாட்டார்கள். லொகேல் கட்டளையின் கடைசி வரி காலியாக இல்லாவிட்டால் மற்றதையெல்லாம் ஒத்தி வைத்துவிட்டு முதலில் அதை ஒழியுங்கள்.

அந்த லொகேல் கணினியில் இருக்கிறதா?

மாறி சரியாக இருந்தும் பலிக்கவில்லை என்றால் அந்தப் பெயரில் ஒரு லொகேல் உருவாக்கப்பட்டே இருக்காது. பெர்ல் நிரல் எதையாவது ஓட்டும்போது "செட்டிங் லொகேல் ஃபெயில்ட்" என்று நாலு வரி எச்சரிக்கை கொட்டினால் நிச்சயம் இதுதான். இருப்பவற்றைப் பார்க்க:

லொகேல் -ஏ

பட்டியலில் டிஏ_ஐஎன், டிஏ_ஐஎன்.யூடிஎஃப்8 என்று தென்பட வேண்டும். இங்கே யூடிஎஃப்8 சின்ன எழுத்தில், கோடில்லாமல் வருவதைப் பார்த்து மிரள வேண்டாம், பெரிய எழுத்தில் கோடு போட்டு எழுதினாலும் ஒன்றுதான். இல்லாத லொகேலைக் கேட்டால் நிரல்கள் பேசாமல் சி என்ற அடிப்படை லொகேலுக்கு இறங்கிவிடும், சி லொகேலில் லேங்குவேஜ் மாறியையும் கண்டுகொள்ளாது. இதனால்தான் ஒரே ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் மொத்த டெஸ்க்டாப்பும் ஆங்கிலத்தில் வந்து நிற்கிறது.

டெபியனில் ஈடிசி அடைவில் லொகேல்.ஜென் என்ற கோப்பைத் திறந்து டிஏ_ஐஎன்.யூடிஎஃப்-8 என்று தேடினால் கிடைக்காது! அங்கே டிஏ_ஐஎன், ஒரு இடைவெளி, பிறகு யூடிஎஃப்-8 என்று இருக்கும். அமெரிக்க ஆங்கிலத்துக்கெல்லாம் புள்ளி போட்ட பெயர் இருக்கும், தமிழ், இந்தி, இந்திய ஆங்கிலம் போன்றவற்றுக்கு அது கிடையாது, ஏனென்றால் அவற்றுக்கு யூடிஎஃப்-8 தவிர வேறு குறிமுறையே அந்தப் பட்டியலில் இல்லை. இலங்கைத் தமிழுக்கான டிஏ_எல்கேவும் அப்படித்தான். அந்த வரியின் முன்னால் இருக்கும் # குறியை எடுத்துவிட்டு சூடோ லொகேல்-ஜென் ஓட்டுங்கள். கோப்பைத் தொட விருப்பமில்லை என்றால் சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லொகேல்ஸ் என்றால் பட்டியல் போட்டுக் காட்டும், ஸ்பேஸ் பாரால் குறியிட்டுக்கொள்ளலாம். உபுண்டுவில்

சூடோ லொகேல்-ஜென் டிஏ_ஐஎன்

போதும். ஆனால் உபுண்டுவில் மொழிபெயர்ப்புகள் நிரல்களோடு வராமல் தனி மூட்டையாக வருகின்றன, அதனால் லேங்குவேஜ்-பேக்-டிஏ, லேங்குவேஜ்-பேக்-ஜினோம்-டிஏ இரண்டையும் ஏபிடி மூலம் நிறுவியாக வேண்டும். லொகேல் இருந்து மூட்டை இல்லையென்றாலும் அதே அறிகுறிதான்: தேதி தமிழில், மெனு ஆங்கிலத்தில். ஃபெடோராவில் லொகேல்-ஜென் வேலையே இல்லை, ஜிலிப்சி-லேங்பேக்-டிஏ நிறுவினால் லொகேல் வந்துவிடும், லேங்பேக்ஸ்-டிஏ நிறுவினால் மற்றவையும் வரும்.

சரி, வந்துவிட்டதா என்று உடனே பார்க்க லாக் அவுட் செய்ய வேண்டியதில்லை:

எல்சி_ஆல்=டிஏ_ஐஎன்.யூடிஎஃப்-8 டேட்

கிழமையும் மாதமும் தமிழில் வந்தால் லொகேல் தயார். இந்தச் சோதனைக்கு ஃபைல்ஸ், டெக்ஸ்ட் எடிட்டர் மாதிரியான ஆப்களைப் பயன்படுத்தாதீர்கள். அவை ஏற்கெனவே பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால், நீங்கள் புதிய மொழியோடு அழைத்தாலும் பழைய ப்ராசஸே இன்னொரு ஜன்னலைத் திறந்து காட்டும், அது பழைய மொழியில்தான் இருக்கும், நீங்கள் இல்லாத பிரச்சினையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஒன்றை ஒத்துக்கொண்டாக வேண்டும்: ஜினோமின் தமிழ் மொழிபெயர்ப்பு முழுமையாக இல்லை. நடுநடுவே ஆங்கில வரிகள் எட்டிப்பார்ப்பது பிழையல்ல, யாரும் இன்னும் மொழிபெயர்க்கவில்லை என்றுதான் பொருள். ஒரு ஆப் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தால் மட்டும் அதன் மொழிபெயர்ப்புக் கோப்பு இருக்கிறதா என்று /யூஎஸ்ஆர்/ஷேர்/லொகேல்/டிஏ/எல்சி_மெசேஜஸ் அடைவில் பாருங்கள். உபுண்டுவில் லொகேல்-லேங்பேக் என்ற பக்கத்து அடைவிலும் தேட வேண்டும். ஆப்பின் பெயரோடு .எம்ஓ என்று முடிகிற கோப்பு இருக்கும்.

டெஸ்க்டாப்பின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது

டெர்மினலில் தெரிவது டெர்மினலின் சூழல். புள்ளி பேஷ்ஆர்சி அதில் மேலும் எதையாவது சேர்த்திருக்கும், அதனால் டெஸ்க்டாப்பின் நிலைமையை டெர்மினலை வைத்து முடிவு கட்டக் கூடாது. நேராக டெஸ்க்டாப்பை நடத்துகிற ஜினோம்-ஷெல் ப்ராசஸையே கேட்டுவிடலாம். முதலில் அதன் எண்ணைப் பெறுங்கள்:

பிஜிரெப் -யு $யூசர் ஜினோம்-ஷெல்

2345 என்று ஒரு எண் வந்தது என்று வைத்துக்கொள்வோம்.

சூடோ கேட் /ப்ராக்/2345/என்விரான் | டிஆர் '\0' '\என்' | ஜிரெப் -ஈ லேங் -ஈ எல்சி_

அந்த ப்ராசஸ் பிறந்தபோது அதன் கையில் இருந்த மாறிகள் வரிவரியாக வந்துவிடும். டிஆர் இல்லாமல் பார்த்தால் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகத் தெரியும், அதனால்தான் அது நடுவில். சூடோ இல்லாமலும் சில கணினிகளில் வேலை செய்யும், சிலவற்றில் பர்மிஷன் டினைட் என்று வரும். கேடிஇயில் ஜினோம்-ஷெல்லுக்குப் பதில் பிளாஸ்மாஷெல்.

அப்புறம் இன்னொருவரையும் கேட்க வேண்டும். இப்போதைய ஜினோமில் ஜினோம்-ஷெல்லையும் சில ஆப்களையும் பெற்றெடுப்பது, உங்கள் பெயரில் ஓடி நிரல்களைத் தொடங்கி வைக்கிற சிஸ்டம்டி மேலாளர்தான்:

சிஸ்டம்சிடிஎல் --யூசர் ஷோ-என்விரான்மென்ட்

இரண்டிலும் வந்ததை லொகேல் காட்டியதோடு ஒப்பிடுங்கள். டெஸ்க்டாப்பில் சரியாக இருந்து டெர்மினலில் மட்டும் தப்பாக இருந்தால் புள்ளி பேஷ்ஆர்சியைத் திறங்கள், வேலை முடிந்தது. டெஸ்க்டாப்பிலேயே தப்பு என்றால் பின்னோக்கி நடக்க வேண்டும். இதே நேரத்தில் ஒரு புதிய பயனரை உருவாக்கி அதில் லாகின் செய்து பார்ப்பதும் நல்லது. அங்கேயும் தப்பென்றால் கணினி முழுமைக்குமான கோப்பில் கோளாறு. அங்கே சரியாக இருந்தால் உங்கள் ஹோம் அடைவுக்குள் அல்லது உங்கள் கணக்குக்கான அமைப்பில் கோளாறு. தேடும் பரப்பு பாதியாகக் குறைந்துவிடும், இதைச் செய்யச் சோம்பல்பட்டு ஒரு மாலைப் பொழுதையே தொலைத்தவர்கள் உண்டு.

லாகின் வழியில் யார் யார் எழுதுகிறார்கள்

முதல் ஆள் பாம், லாகினைச் சரிபார்க்கும் பகுதி. கடவுச்சொல்லைச் சரிபார்க்கும்போதே ஈடிசி அடைவில் உள்ள என்விரான்மென்ட் கோப்பையும், டெபியன் உபுண்டுவில் /ஈடிசி/டிஃபால்ட்/லொகேல் கோப்பையும் படித்துவிடும். ஃபெடோராவிலும் ஆர்ச்சிலும் கணினி மொழி இருப்பது /ஈடிசி/லொகேல்.கான்ஃபில். இவற்றைக் கையால் திருத்தாமல் உபுண்டு, டெபியனில் சூடோ அப்டேட்-லொகேல், மற்றவற்றில் லொகேல்சிடிஎல் செட்-லொகேல் மூலம் மாற்றுங்கள். பழைய லேங்குவேஜை அழிக்க வேண்டுமா? சூடோ அப்டேட்-லொகேல் லேங்குவேஜ் என்று மதிப்பே கொடுக்காமல் அடித்தால் அந்த வரி போய்விடும்.

இரண்டாவது ஆள், பெரும்பாலானோர் கண்ணுக்குத் தெரியாதவர், அக்கவுண்ட்ஸ்சர்வீஸ். செட்டிங்ஸில் நீங்கள் மொழி மாற்றினால் அது போய் உட்காருவது உங்கள் ஹோம் அடைவில் அல்ல, /வார்/லிப்/அக்கவுண்ட்ஸ்சர்வீஸ்/யூசர்ஸ் அடைவில் உங்கள் பயனர் பெயரில் இருக்கும் கோப்பில். லாகின் திரையான ஜிடிஎம் இதைப் படித்து லேங்கை வைத்துவிடும். கணினி மொழியை மாற்றியும் உங்கள் கணக்கில் மட்டும் பழைய மொழி வருகிறதென்றால் சூடோ போட்டு இந்தக் கோப்பைத் திறந்து லேங்குவேஜ்= அல்லது லேங்குவேஜஸ்= வரியைப் பாருங்கள். எந்த டெஸ்க்டாப் செஷனில் நுழைவது என்பதும் இங்கேதான் எழுதியிருக்கும். கையால் திருத்தினால் உடனே சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் அக்கவுண்ட்ஸ்-டெமன் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நினைவில் வைத்திருக்கும் பழையதை மறுபடி எழுதிவிடக்கூடும். ஜிடிஎம்முக்குப் பதில் லைட்டிஎம் பயன்படுத்துபவர்கள் ஹோம் அடைவில் புள்ளி டிஎம்ஆர்சி என்ற பழைய கோப்பு கிடக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது புள்ளி புரொஃபைல். இதில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள், கொஞ்சம் நின்று பார்ப்போம். ஜினோம் வேலண்டில் (திரையில் ஜன்னல்களைக் காட்டும் புதிய முறை, எக்ஸ்11 பழையது) தொடங்கும்போது உங்கள் ஷெல்லை லாகின் ஷெல்லாக ஓட்டி அதன் வழியாகத்தான் செஷனை எழுப்புகிறது. உங்கள் ஷெல் பேஷ் என்றால் அது புள்ளி பேஷ்_புரொஃபைல், புள்ளி பேஷ்_லாகின், புள்ளி புரொஃபைல் என்ற வரிசையில் தேடி, முதலில் அகப்படுவதை மட்டும் படிக்கும், மற்றதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஏதாவது ஒரு நிறுவல் நிரல் உங்களைக் கேட்காமல் ஒரு புள்ளி பேஷ்_புரொஃபைலை உருவாக்கி வைத்துவிட்டுப் போனால், அன்றிலிருந்து புள்ளி புரொஃபைலில் இருக்கும் எல்லாமே செத்துப்போகும். நேற்று வரை இருந்த பாத் இன்று எங்கே என்று தேடினால் எல்எஸ் -ஏ அடித்து இந்த மூன்றில் எவை இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். இசட்ஷெல்லுக்கு மாறியவர்களுக்கு இந்த மூன்றுமே கிடையாது, அவர்களுக்குப் புள்ளி இசட்புரொஃபைல்.

எக்ஸ்11 செஷனில் கதை மாறுகிறது. அங்கே புள்ளி புரொஃபைலை ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று உள்ளே இழுக்கும், டெபியன் உபுண்டுவில் அந்த ஸ்கிரிப்டை ஓட்டுவது டேஷ் என்ற எளிய ஷெல், பேஷ் அல்ல. புள்ளி புரொஃபைலில் இரட்டைச் சதுர அடைப்பு, சோர்ஸ், அரே என்று பேஷுக்கே உரிய வித்தைகளை எழுதியிருந்தால் வேலண்டில் ஒழுங்காக ஓடும், எக்ஸ்11இல் முனகும், சில சமயம் செஷனே விழுந்துவிடும். எந்தச் செஷனில் இருக்கிறோம் என்று எக்கோ $எக்ஸ்டிஜி_செஷன்_டைப் சொல்லும். டேஷ் -என் போட்டு அந்தக் கோப்பைச் சோதித்தால் இலக்கணப் பிழைகளை ஓட்டாமலேயே காட்டும்.

நான்காவதாக ஜினோம்-செஷன் வந்து, செட்டிங்ஸில் ஃபார்மட்ஸ் என்ற இடத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்த நாட்டைப் பார்த்து எல்சி_டைம், எல்சி_நியூமெரிக், எல்சி_மானிடரி, எல்சி_மெஷர்மென்ட், எல்சி_பேப்பர் ஐந்தையும் தன் இஷ்டத்துக்கு வைக்கும். அதாவது இந்த ஐந்தையும் புள்ளி புரொஃபைலில் எழுதுவது வீண், பின்னால் வருபவர் துடைத்துவிடுவார். மதிப்பைப் பார்க்க:

ஜிசெட்டிங்ஸ் கெட் ஆர்க்.ஜினோம்.சிஸ்டம்.லொகேல் ரீஜன்

கேடிஇயில் இதே வேலையைச் செய்வது ஹோம் அடைவின் புள்ளி கான்ஃபிக்கில் உள்ள பிளாஸ்மா-லொகேல்ஆர்சி. கேடிஇயில் /ஈடிசி கோப்புகளை எத்தனை முறை மாற்றியும் பலிக்கவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் வழிமறித்து நிற்கும், வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு லாகின் செய்து பாருங்கள்.

இந்த ஃபார்மட்ஸ் விஷயத்தை இந்தியாவிலும் இலங்கையிலும் பலர் கவனிப்பதில்லை. நிறுவும்போது அமெரிக்க ஆங்கிலத்தை அப்படியே விட்டிருந்தால் 03/04 என்பது மார்ச் 4 ஆகிவிடும், அச்சுக்குக் கொடுத்தால் ஏ4க்குப் பதில் லெட்டர் அளவில் ஓரம் வெட்டுப்பட்டு வரும். லொகேல் -கே எல்சி_பேப்பர் அடித்துப் பாருங்கள்: உயரம் 297, அகலம் 210 என்று வந்தால் ஏ4, 279, 216 என்று வந்தால் லெட்டர். மெனு ஆங்கிலத்திலேயே இருக்கட்டும் என்பவர்கள்கூட ஃபார்மட்ஸை மட்டும் இந்தியா என்று வைத்துக்கொண்டால் எண்களும் 1,23,45,678 என்று நம் கணக்கில் பிரிந்து வரும். என்னைக் கேட்டால் மொழி எதுவாக இருந்தாலும் முதல் நாளே செய்ய வேண்டிய மாற்றம் இது.

மாற்றினேன், லாக் அவுட்டும் செய்தேன், இன்னும் பழையதே

பாத், ப்ராக்ஸி மாதிரி உங்கள் சொந்த மாறிகளை டெஸ்க்டாப் முழுமைக்கும் வைக்க நல்ல இடம் புள்ளி கான்ஃபிக்கில் என்விரான்மென்ட்.டி என்ற அடைவு. அதற்குள் .கான்ஃப் என்று முடியும் ஒரு கோப்பு, வரிக்கு ஒரு பெயர்=மதிப்பு, எக்ஸ்போர்ட் வேண்டாம், $ஹோம் போன்றவை வேலை செய்யும். கேடிஇக்காரர்கள் புள்ளி கான்ஃபிக்/பிளாஸ்மா-வொர்க்ஸ்பேஸ்/என்வ் அடைவில் .எஸ்ஹெச் கோப்பாகவும் வைக்கலாம். பழைய குறிப்புகளில் புள்ளி பாம்_என்விரான்மென்ட் என்று ஒன்று வரும், அதை விட்டுவிடுங்கள். பாதுகாப்புக் காரணத்தால் பாம் உருவாக்குபவர்களே அதைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள்.

என்விரான்மென்ட்.டியில் ஒரு சங்கடம் உண்டு. அதைப் படிப்பது உங்கள் சிஸ்டம்டி மேலாளர், அது பிறக்கும்போது, நீங்கள் லாகின் செய்யும் ஒவ்வொரு தடவையும் அல்ல. நீங்கள் டெஸ்க்டாப்பிலிருந்து வெளியே வந்தாலும் வேறெங்கோ ஒரு எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து நுழையும்) செஷன் திறந்திருந்தால், அல்லது உங்கள் கணக்குக்கு லிங்கர் (வெளியேறிய பிறகும் மேலாளரை ஓட விடும் அமைப்பு) போட்டிருந்தால், மேலாளர் சாகாமல் பழைய மாறிகளோடு காத்திருக்கும், அடுத்த லாகினில் அதே பழையதைக் கையில் கொடுக்கும். லாகின்சிடிஎல் லிஸ்ட்-செஷன்ஸ் போட்டால் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரியும். வேலைகளைச் சேமித்துவிட்டு ரீபூட் செய்துவிடுவது நேரம் மிச்சம். ரீபூட்டே தீர்வு என்று சொல்வது கேவலமாகத் தோன்றலாம், இந்த ஒரு விஷயத்தில் அதற்குக் காரணம் இருக்கிறது.

இன்னொரு சின்ன விஷயம்: ஹோம் அடைவில் புள்ளி லோக்கல்/பின் இருந்தால் மட்டும் டெபியன், உபுண்டுவின் புள்ளி புரொஃபைல் அதைப் பாத்தில் சேர்க்கும். பைத்தான் நிரல் எதையோ நிறுவியபோது அந்த அடைவு முதல்முறையாக உருவானது என்றால், எதையும் திருத்த வேண்டாம், ஒரு தடவை வெளியே போய் உள்ளே வாருங்கள், தானாகச் சேர்ந்துவிடும்.

லாகின் திரையிலேயே சுற்றிச் சுற்றி வந்தால்

கடவுச்சொல் சரி, திரை ஒரு நொடி கறுக்கிறது, மறுபடி லாகின் திரை. கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போங்கள். லேங் தமிழாக இருந்தால் அங்கே செய்திகள் கட்டம் கட்டமாகத் தெரியலாம், அந்தத் திரைக்குத் தமிழை வரையத் தெரியாது. எக்ஸ்போர்ட் எல்சி_ஆல்=சி.யூடிஎஃப்-8 அடித்துவிட்டு வேலையைப் பாருங்கள், தற்காலிகம்தானே.

முதல் சந்தேகம் /ஈடிசி/என்விரான்மென்ட். இது ஷெல் ஸ்கிரிப்ட் இல்லை. இதில் பாத்=$ஹோம்/பின்:$பாத் என்று எழுதினால் டாலர் குறி விரியாது, அந்த எழுத்துகளே பாத்தாக மாறிவிடும். உபுண்டுவில் பாத் முழுவதுமே இந்தக் கோப்பிலிருந்துதான் வருகிறது, அதனால் எல்எஸ், சூடோ எதுவுமே கிடைக்காமல் போய்விடும். பதற வேண்டாம்:

எக்ஸ்போர்ட் பாத்=/யூஎஸ்ஆர்/எஸ்பின்:/யூஎஸ்ஆர்/பின்:/எஸ்பின்:/பின்

என்று அடித்தால் கட்டளைகள் திரும்பி வந்துவிடும், பிறகு சூடோ நானோ போட்டு அந்த வரியைத் திருத்துங்கள். அடுத்து புள்ளி புரொஃபைல் வகையறா. எம்வி கட்டளையால் வேறு பெயர் வைத்துவிட்டு எஃப்1 திரைக்குப் போய் லாகின் செய்து பாருங்கள். யாராவது அதில் எக்ஸிட் என்று எழுதியிருந்தாலே போதும், செஷன் அங்கேயே முடிந்துவிடும். பிறகு டிஎஃப் -ஹெச் போட்டு வட்டு நிரம்பிவிட்டதா என்று பாருங்கள், எல்எஸ் -எல்ஏ போட்டுப் புள்ளி எக்ஸ்அத்தாரிட்டி ரூட் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் மொழிக்குச் சம்பந்தமில்லாதவை, ஆனால் அறிகுறி அதேதான். எதுவும் பிடிபடாவிட்டால் ஜர்னல்சிடிஎல் -பி கடைசிப் பக்கமும், எக்ஸ்11 என்றால் ஹோமில் புள்ளி எக்ஸ்செஷன்-எரர்ஸ் இருந்தால் அதுவும் காரணத்தை எழுதி வைத்திருக்கும்.

கடவுச்சொல்லே தவறு என்று திரும்பத் திரும்பச் சொன்னால் அது வேறு. லாகின் திரையின் விசைப்பலகை தமிழில் நிற்கிறதா என்று மேல் மூலையில் பாருங்கள். புள்ளிப் புள்ளியாகத்தானே தெரிகிறது, உள்ளே தமிழ் எழுத்து விழுவது கண்ணுக்குப் படாது. செட்டிங்ஸில் உங்கள் விசைப்பலகையை மாற்றினால் அது உங்களுக்கு மட்டும்தான், லாகின் திரை பார்ப்பது /ஈடிசி/டிஃபால்ட்/கீபோர்டு. அங்கே எக்ஸ்கேபிலேஅவுட் வரியில் யூஎஸ் முதலிலும் ஐஎன் இரண்டாவதாகவும் இருக்க வேண்டும். சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கீபோர்டு-கான்ஃபிகரேஷன் இதைக் கேட்டுக் கேட்டு எழுதிக் கொடுக்கும்.

மொழி மாறிய பிறகு வரும் உபரித் தொல்லைகள்

தமிழுக்கு மாறி முதல் தடவை உள்ளே வந்ததும், டவுன்லோட்ஸ், டாகுமென்ட்ஸ் போன்ற அடைவுகளின் பெயரையும் மாற்றவா என்று ஒரு ஜன்னல் கேட்கும். வேண்டாம் என்றே சொல்லுங்கள். சரி என்றால் தமிழ்ப் பெயரில் புது அடைவுகள் வரும், பழையவற்றில் இருக்கும் கோப்புகள் நகராது, டெர்மினலில் ஒவ்வொரு தடவையும் விசைப்பலகையை மாற்ற வேண்டியிருக்கும். ஏற்கெனவே சரி என்று சொல்லிவிட்டவர்கள்

எல்சி_ஆல்=சி எக்ஸ்டிஜி-யூசர்-டிர்ஸ்-அப்டேட் --ஃபோர்ஸ்

ஓட்டினால் ஆங்கிலப் பெயர்கள் திரும்பும், கோப்புகளை நீங்கள்தான் நகர்த்த வேண்டும்.

தட்டச்சு சில ஆப்களில் மட்டும் தமிழில் வரவில்லை என்றால் ஜிடிகே_ஐஎம்_மாட்யூல், க்யூடி_ஐஎம்_மாட்யூல் இரண்டையும் மேலே சொன்ன ப்ராக் வழியில் பாருங்கள். எப்போதோ எஃப்சிடிக்ஸ் என்ற தட்டச்சுக் கருவியை முயன்று பார்த்துவிட்டு ஐபஸ் என்ற கருவிக்குத் திரும்பியவர்களின் கோப்புகளில் பழைய வரி இருந்துகொண்டே இருக்கும். ஐஎம்-கான்ஃபிக் எழுதும் புள்ளி எக்ஸ்இன்புட்ஆர்சியும் ஹோமில் கிடக்கலாம். ஜினோமில் ஐபஸ் உள்ளேயே இருக்கிறது, தமிழ்99க்கு ஐபஸ்-எம்17என் நிறுவினால் போதும், இந்த மாறிகளைக் கையால் வைக்க வேண்டிய தேவையில்லை.

ஃபிளாட்பேக் என்ற தனி மூட்டை முறையில் நிறுவிய ஆப்கள் மட்டும் ஆங்கிலம் என்றால் ஃபிளாட்பேக் கான்ஃபிக் --செட் லேங்குவேஜஸ் "டிஏ;இஎன்" கொடுத்து ஃபிளாட்பேக் அப்டேட் ஓட்டுங்கள், இறக்கும்போதே மொழிக் கோப்புகளை வடிகட்டிவிடும் என்பதால் இது வேண்டும். லிப்ரெஆஃபீஸுக்கு லிப்ரெஆஃபீஸ்-எல்10என்-டிஏ. ஃபயர்ஃபாக்ஸுக்குத் தன் செட்டிங்ஸில் தனி மொழித் தேர்வு இருக்கிறது.

கடைசியாக, உங்கள் கணினியில் எல்லாம் சரியான பிறகு எஸ்எஸ்ஹெச் மூலம் ஒரு சர்வருக்குள் போனால் அங்கே பெர்ல் எச்சரிக்கை கொட்டும். டெபியன், உபுண்டுவின் எஸ்எஸ்ஹெச் உங்கள் லேங்கையும் எல்சி மாறிகளையும் கூடவே அனுப்புகிறது, அந்தப் பக்கம் தமிழ் லொகேல் இல்லை. சர்வரில் லொகேல் உருவாக்க உரிமை இருந்தால் உருவாக்குங்கள். இல்லையென்றால் உங்கள் பக்கம் /ஈடிசி/எஸ்எஸ்ஹெச்/எஸ்எஸ்ஹெச்_கான்ஃபிக்கில் சென்ட்என்வ் வரியின் முன் ஒரு # போட்டுவிடுங்கள், சர்வர் தன் மொழியில் பேசட்டும்.